களிம்பும் கட்டியமும்

ஆலயத் திருவிழாவிலே சுவாமி எழுந்தருளும் வேளையிற் கட்டியம் கூறுவதை நாம் கேட்டிருக்கின்றோம். எழுந்தருள்பவரின் பெருமையை உரத்த குரலில் எடுத்துரைப்பதே கட்டியம். இறைவனுக்குக் கட்டியம் பொருந்தும். ஆனால் இக்காலத்திலே நம் கடைவீதிகளில் அடுக்கி வைக்கப்பட்டிருக்கும் சின்னஞ்சிறு களிம்புச் சிமிழ்களுக்கும் கட்டியம் கூறப்படுகின்றது. சுன்னாகத்திலும் சாவகச்சேரியிலும் நெல்லியடியிலும் எந்தக் கடைக்குட் புகுந்தாலும், ‘முற்றிலும் இயற்கை’, ‘மூலிகைகளால் ஆனது’, ‘பக்க விளைவு அற்றது’, ‘ஏழே நாளிற் பலன்’ என்னும் வாசகங்கள் நம்மை வரவேற்கின்றன. இவற்றுள் எவ்வளவு மெய், எவ்வளவு கட்டியம் என்பதை வரலாற்றின் துணைகொண்டு ஆராய்வதே இன்றைய பேச்சின் நோக்கம். இப்பொருளை நான் எடுத்துக்கொண்டதற்கு ஒரு சொந்தக் காரணமும் உண்டு. அதனைப் பிறகு கூறுவேன்.

முதலில் நம் முன்னோரிடமிருந்து தொடங்குவோம். உடம்பின் மேற் பூசும் மருந்து நமக்குப் புதியதன்று. சித்த மருத்துவம் அக மருந்து முப்பத்திரண்டு, புற மருந்து முப்பத்திரண்டு என வகுத்துரைக்கின்றது. பூச்சு, பற்று, களிம்பு, பொட்டணம், வேது முதலியன புற மருந்துகளுள் அடங்கும். யாழ்ப்பாண அரசர் காலத்தோடு தொடர்புபடுத்தப்படும் செகராசசேகரம், பரராசசேகரம் என்னும் வைத்திய நூல்கள் நம் நாட்டுக்கே உரிய செல்வங்கள். ஏட்டுச் சுவடிகளில் மங்கிக் கிடந்த பரராசசேகரத்தை இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலே தேடித் தொகுத்து அச்சேற்றிய பெருமை ஏழாலையைச் சேர்ந்த ஐ. பொன்னையா அவர்களைச் சாரும்.

பழைய வைத்திய முறையிலே நாம் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. நம் பரியாரிமார் ஒரு தைலத்தை ‘எல்லாத் தோல் நோய்க்கும் நல்லது’ என்று கூறிக் கொடுத்தவர் அல்லர். கரப்பனா, சிரங்கா, படர்தாமரையா, ஆறாப் புண்ணா என்று முதலிற் பார்த்தனர். நோயாளியின் வயதையும் உணவையும் வினவினர். பின்னரே தைலத்தையும் பத்தியத்தையும் குறித்தனர். மருந்து நோயாளியைத் தேடி வந்தது. இன்றைய சிமிழோ, யார் எவர் என்று அறியாமலே எல்லோருக்கும் தன்னைப் பொதுவாக்கிக் கொள்கின்றது.

இன்னொரு செய்தியும் உண்டு. ‘இயற்கையானது, ஆகவே தீங்கற்றது’ என்னும் எண்ணம் நம் பழைய வைத்தியருக்கு இருந்ததில்லை. புண்களுக்குப் பூசும் மத்தன் தைலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஊமத்தை இலைச் சாறும் தேங்காயெண்ணெயும் துருசும் சேர்த்துக் காய்ச்சுவது அது. துருசு என்பது செம்பின் உப்பு. மயில்துத்தம் என்றும் கூறுவர். ஊமத்தை நஞ்சுடையது, துருசும் உட்கொண்டால் நஞ்சே. அந்நஞ்சைப் புண்ணில் எவ்வளவு, எத்தனை நாள் என்று அளந்து பயன்படுத்துவதே வைத்தியரின் கல்வியாயிற்று. நம் வளவுகளிலேயே சான்றுகள் உண்டு. மரமுந்திரிகைக் கொட்டையின் தோட்டிலுள்ள எண்ணெய் பட்ட இடம் கொப்பளிக்கும். கள்ளிப்பால் கண்ணிற் பட்டாற் கண்ணுக்கே கேடு. முகம் வெளுக்கும் என்று நம்பித் தேசிக்காய்ச் சாற்றைப் பூசிக்கொண்டு வெயிலிற் சென்றால் தோல் வெந்து கறுக்கும். இவை யாவும் முற்றிலும் இயற்கையே. ஆகவே ‘இயற்கை’ என்ற சொல் ஒரு பொருள் எங்கிருந்து வந்தது என்பதைக் கூறும்; அது என்ன செய்யும் என்பதைக் கூறாது.

ஒரு மூலிகையைப் பற்றிய பெரும்புகழை நிறுத்துப் பார்த்த வரலாறு ஒன்று தமிழ் நிலத்திலேயே நடந்தது. அந்த மூலிகை நாம் சம்பலாகவும் சுண்டலாகவும் உண்ணும் வல்லாரை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே சென்னையிற் பணியாற்றிய வைத்தியர் ஐன்ஸ்லி, தமிழ் வைத்தியர் கையாண்ட மருந்துகளைத் தொகுத்து எழுதியபோது வல்லாரையையும் குறித்தார். 1852-ஆம் ஆண்டளவிலே மொரிஷியஸ் தீவிலிருந்த பொயிலோ என்னும் வைத்தியர், இம்மூலிகை தொழுநோய்க்குச் சிறந்த மருந்து என்று அறிவித்தார். நேயர்களே, அக்காலத்திலே தொழுநோய் எத்தகைய கொடுமை என்பதை எண்ணிப் பாருங்கள். நோயாளியை ஊர் ஒதுக்கியது; உறவு ஒதுக்கியது. நம் நாட்டிலே ஒல்லாந்தர் 1708-ஆம் ஆண்டிற் கொழும்புக்கு அண்மையில் ஹெந்தளையிலே தொழுநோயாளருக்கென ஓர் இல்லம் அமைத்தனர். அவ்வாறான இடத்துக்கு அனுப்பப்பட்டவருள் மீண்டு வீடு வந்தவர் அரியர். அந்நிலையில், வேலியோரத்து வல்லாரை நோயை மாற்றும் என்ற செய்தி எத்துணை நம்பிக்கையை ஊட்டியிருக்கும்!

புதுச்சேரியிலிருந்த பிரெஞ்சு மருந்தியலாளர் லெப்பீன், வல்லாரையைப் பகுத்தாராய்ந்து அதிலிருந்து ஒரு பொருளைப் பிரித்ததாகக் கூறி, அதற்கு நம் தமிழ்ப் பெயரையே அடியாகக் கொண்டு ‘வெல்லாரின்’ எனப் பெயரிட்டார். அப்பெயர் வேதியியலில் நிலைக்கவில்லை. ஆனால் சென்னையிலே வைத்தியர் ஹண்டர் செய்த வேலை நிலைத்தது. அவர் வல்லாரையைத் தொழுநோயாளருக்குப் பரவலாகக் கொடுத்து, விளைவைக் குறித்துவந்தார். அவர் கண்ட முடிவு இது: வல்லாரை தொழுநோயை மாற்றும் தனிமருந்து என்று சொல்வதற்கு இடமில்லை, ஆயினும் நோயின் துன்பங்களைத் தணித்து உடல் நலத்தைச் சற்று மேம்படுத்துவதற்கு அது உதவுகின்றது.

இம்முடிவின் நேர்மையை நோக்குங்கள். ‘இது பச்சிலை, மூடநம்பிக்கை’ என்று அவர் தள்ளிவிடவும் இல்லை; ‘இதுவே அமிர்தம்’ என்று கொண்டாடவும் இல்லை. பெரிய வாக்கை மறுத்தார். சிறிய பயனை ஒப்புக்கொண்டார். 1868-இல் வெளியான இந்திய மருந்துநூலிலே வல்லாரை இடம்பெற்றது. பின்னர் 1941-ஆம் ஆண்டிலே அதன் சாரத்திலிருந்து ‘ஆசியாற்றிக்கோசைட்’ என்னும் பொருள் பிரித்தெடுக்கப்பட்டது. புண் ஆறுதலில் அதற்குள்ள பங்கு இன்றும் ஆராயப்படுகின்றது. தொழுநோயை மாற்றியதோ வேறு மருந்துகள். 1940-களிலே சல்போன் மருந்துகள் வந்தன. 1981-இல் உலக சுகாதார நிறுவனம் பல மருந்துகளைச் சேர்த்து வழங்கும் முறையைப் பரிந்துரைத்தது. இன்று தொழுநோய் முற்றாக மாறக்கூடியது; அதற்குரிய மருந்து அரசாங்க வைத்தியசாலைகளில் இலவசமாகவே கிடைக்கின்றது.

இனி வல்லாரையின் பெயர் பொறித்த ஒரு களிம்பை இன்று நீங்கள் கையில் எடுத்தால், இந்த வரலாறு உங்களுக்கு உதவும். வல்லாரையில் ஒரு குணம் இருப்பது வேறு. அச்சிமிழிலுள்ள களிம்பில் அக்குணம் வெளிப்படும் அளவுக்கு வல்லாரை இருப்பது வேறு. ஒரு குடம் எண்ணெயிலே இரண்டு இலையை நனைத்தெடுத்தாலும் சீட்டிலே இலையின் படத்தைப் போடலாம் அன்றோ?

அந்த அளவைக் கேட்டறியும் வழக்கத்தை யாழ்ப்பாணத்திலே தமிழில் ஊன்றிய பெருமகன் ஒருவரை இங்கு நினைவுகூர்தல் தகும். அமெரிக்காவிலே மசாசூசெற்ஸ் மாநிலத்து வூஸ்ரர் நகரில் 1822-இற் பிறந்த சாமுவேல் பிஸ்க் கிறீன், 1847-ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்து, பின் மானிப்பாயில் நிலைகொண்டு வைத்தியம் செய்தார். அறுபதுக்கு மேற்பட்ட உள்ளூர் இளைஞரை வைத்தியராகப் பயிற்றினார். மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பிக்க முடியும் என்று உறுதிகொண்டு, தம் மாணவரோடு சேர்ந்து நூல்களை மொழிபெயர்த்தார். 1867-இல் ‘இரணவைத்தியம்’ வெளிவந்தது. 1875-இற் ‘கெமிஸ்தம்’ என்னும் இரசாயன நூல் வெளிவந்தது. 1873-இல் தாயகம் திரும்பிய பின்னரும் 1884-இல் மறையும்வரை இப்பணியை அவர் விடவில்லை.

கிறீன் நமக்கு விட்டுச்சென்றது மருந்து மட்டுமன்று, ஒரு பழக்கமுமாகும். ஒரு மருந்திலே என்ன இருக்கின்றது, எவ்வளவு இருக்கின்றது, அது எவ்வாறு வேலை செய்கின்றது என்பதைச் சாதாரண தமிழ் மாணவன் தன் தாய்மொழியிலே கேட்கவும் விடைகூறவும் வழி பிறந்தது. பெயர் தெரியாத பொருளுக்கு மயங்குவது எளிது. பெயர் தெரிந்த பொருளை நிறுக்கலாம்.

அதே காலத்தில் இங்கிலாந்திலே மறுபுறமான ஒரு பழக்கம் வளர்ந்துகொண்டிருந்தது. அதுதான் செய்தித்தாள் விளம்பரம். செய்முறையை மறைத்து, பெயரை மட்டும் பரப்பி விற்ற மருந்துகள் பேரரசின் குடியேற்ற நாடுகளெங்கும் கப்பலேறிச் சென்றன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே லீட்ஸ் நகரிலிருந்து புறப்பட்ட ‘ஸாம்பக்’ என்னும் பச்சைநிறக் களிம்பு அவற்றுள் ஒன்று. அது மூலிகைகளால் ஆனது என்றும் வெட்டுக்காயம் முதற் பலவகைத் தோல் நோய் வரை ஆற்றுவது என்றும் அக்காலத்திற் புகழப்பட்டது.

1909-ஆம் ஆண்டிலே பிரித்தானிய மருத்துவச் சங்கம் ‘இரகசிய மருந்துகள்’ என்ற பொருள்படும் பெயரில் ஒரு நூலை வெளியிட்டது. கடையில் வாங்கிய மருந்துகளைப் பகுத்தாய்ந்து, உள்ளே கண்டவற்றை அந்நூல் வெளிப்படையாக அச்சிட்டது. அவற்றுக்கு ஆகும் செலவையும் மதிப்பிட்டுக் காட்டியது. அக்காலத்து ஸாம்பக்கில் அவர்கள் கண்டவை யாவை? மண்ணெண்ணெயின் இனத்தைச் சேர்ந்த மென்பரபின் பெரும்பங்கு. மரப்பிசின் ஒரு பங்கு. யூக்கலிப்ரஸ் தைலம் ஒரு பங்கு. சிறிது பச்சை நிறம். பிசினும் யூக்கலிப்ரஸும் மரத்திலிருந்து வந்தவை என்பது உண்மையே. ஆனால் சிமிழை நிறைத்திருந்தது மூலிகையன்று. நிலத்தடி எண்ணெயின் கொழுப்பு. இந்நூல் எழுப்பிய கலக்கத்தின் பின், 1912-இல் பிரித்தானியப் பாராளுமன்றம் இத்தகைய மருந்துகளைப் பற்றி விசாரிக்க ஒரு குழுவை அமைத்தது. அக்குழுவின் அறிக்கை 1914-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் வெளியாயிற்று. முதலாம் உலகப் போர் மூண்ட ஆரவாரத்திலே அது எவர் காதிலும் விழாது போயிற்று.

இங்கே ஒரு வினா எழலாம். ‘மூலிகை இல்லை என்றீர்கள், ஆனால் அதைப் பூசியவர் பலர் நன்மை கண்டதாகக் கூறினரே, அவர்கள் எல்லாம் பொய்யரா?’ அல்லர். அந்நன்மை மெய். அதற்குரிய காரணந்தான் வேறு. களிம்பு என்பது எவ்வாறு வேலை செய்கின்றது என்பதை அறிந்தால் இது விளங்கும்.

நம் தோலின் மேற்படை செங்கல்லும் சாந்தும் போன்றது. வறண்டு தட்டையான உயிரணுக்கள் செங்கற்கள். அவற்றுக்கிடையே உள்ள கொழுப்புச் சாந்து. இச்சுவர் உடம்பின் நீரை உள்ளே தடுத்து, அழுக்கையும் கிருமியையும் வெளியே நிறுத்துகின்றது. சாந்து உதிர்ந்தால் நீர் கசிந்து ஆவியாகும், தோல் வறண்டு வெடிக்கும், நமைச்சல் எடுக்கும். சோளகக் காற்று வீசும் காலத்தில் நம் தோட்டக்காரரின் குதிக்கால் வெடிப்பதைப் பார்த்திருக்கின்றோம். அதன்மேல் ஏதேனும் ஒரு கொழுப்பைப் பூசினால் நீரின் கசிவு தடைப்படுகின்றது. சுவர் தன்னைத்தானே திருத்திக்கொள்ள அவகாசம் கிடைக்கின்றது. இரண்டாம் நூற்றாண்டிலே வாழ்ந்த கிரேக்க வைத்தியர் கலென் பெயரால் வழங்கும் பழைய களிம்பு, தேன்மெழுகும் ஒலிவெண்ணெயும் பன்னீரும் கலந்தது. 1872-இல் அமெரிக்கராகிய செஸ்பரோ உரிமம் பெற்ற வாஸலீன், எண்ணெய்க் கிணற்றின் எச்சத்திலிருந்து வந்தது. நீர்க்கசிவைத் தடுப்பதில் இவ்வெண்ணெய்க் கிணற்றுப் பொருளை வெல்லும் தாவர எண்ணெய் அரிது. அதிலே மூலிகையும் இல்லை, மணமும் இல்லை. ஆனாற் சொன்ன வேலையைச் செய்கின்றது.

நம் தேங்காயெண்ணெயும் சளைத்ததன்று. பிலிப்பைன்ஸ் நாட்டிலே 2004-இல் வெளியான ஓர் ஆய்விலே, வறண்ட தோலுடைய 34 பேரில் ஒரு பகுதியினருக்குத் தூய தேங்காயெண்ணெயும் மறுபகுதியினருக்குக் கனிம எண்ணெயும் கொடுத்து, யார் எதைப் பூசுகின்றார் என்பதை நோயாளியும் சோதிப்போரும் அறியாதவாறு மறைத்து ஒப்பிட்டனர். இரண்டும் ஏறத்தாழச் சமமாகவே நன்மை செய்தன. ஆனால் எல்லாத் தாவர எண்ணெயும் ஒன்றல்ல. இங்கிலாந்தில் 2013-இல் வெளியான ஓர் ஆய்விலே, ஒலிவெண்ணெய் தோலின் சுவரைப் பலவீனப்படுத்துவதும், சூரியகாந்தி எண்ணெய் அவ்வாறு செய்யாமையும் காணப்பட்டன. ஒலிவெண்ணெய் விலையுயர்ந்தது, நற்பெயர் பெற்றது. ஆயினும் தோல் அதன் விலையையும் அறியாது, பெயரையும் அறியாது.

வேறொரு வகைக் களிம்பும் உண்டு. பூசியவுடன் குளிர்ந்து மணக்கும் வகை. கற்பூரமும் மெந்தோலும் சேர்ந்த இக்களிம்புகளை நம் வீடுகளில் தலையணைக்கடியிற் காணலாம். 2002-ஆம் ஆண்டிலே அறிஞர் யூலியசும் பட்டபூட்டியனும் தனித்தனியே ஆராய்ந்து, குளிரை உணரும் நரம்பின் வாயில் ஒன்றை மெந்தோல் திறந்துவிடுகின்றது என்று கண்டனர். வெப்பத்தையும் தொடுகையையும் உடல் உணரும் முறையை விளக்கியமைக்காக இவ்விருவருக்கும் 2021-இல் நோபெல் பரிசு கிடைத்தது. அதாவது, தோல் உண்மையிற் குளிரவில்லை. குளிர்ந்ததாக நரம்பு உணருகின்றது. அந்த உணர்ச்சி நோவையும் நமைச்சலையும் சற்று மறக்கச் செய்கின்றது. இது பயனே; ஐயமில்லை. ஆனால் நமைச்சல் மறந்தது என்பது நோய் மாறியது என்பதாகாது. கற்பூரம் சேர்ந்த களிம்பைச் சிறுபிள்ளைகள் விழுங்கினால் ஆபத்து என்பதையும் தாய்மார் மனங்கொள்ள வேண்டும்.

இதுவரை கூறியது, களிம்பிலே சொன்னது இல்லாமையைப் பற்றியது. சொல்லாதது இருப்பது அதனினும் கொடிது. இனி என் சொந்தக் காரணத்துக்கு வருகின்றேன்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் எங்கள் பாடசாலையிலே ஒரு மாணவியின் கழுத்தில் வட்டமான படை ஒன்று தோன்றியது. அவளுடைய தாயார் ஊருக்கு வந்த ஒரு வியாபாரியிடம் மூலிகைக் களிம்பு என்று ஒரு சிமிழ் வாங்கினார். சீட்டிலே இலைகளின் படம் இருந்தது, உள்ளடக்கம் எழுதப்படவில்லை. தாயார் என்னிடம் அதனைக் காட்டி, “ஐயா, இதைப் பூசலாமோ?” என்று வினவினார். “இயற்கை மருந்துதானே அம்மா, நன்மை செய்யாவிட்டாலும் தீமை செய்யாது” என்று நான் விடை கூறினேன். மூன்றே நாளிற் சிவப்பு அடங்கியது, நமைச்சல் நின்றது. எல்லோரும் மகிழ்ந்தோம். இரண்டு மாதத்தின்பின் அப்படை முன்னையிலும் இருமடங்காகப் பரவிக் கன்னம்வரை ஏறியது. அப்பிள்ளை சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு வகுப்பின் கடைசி வாங்கில் இருக்கத் தொடங்கினாள். பின்னர் பாடசாலைக்கு வருவதையே நிறுத்தினாள். தோல் வைத்திய நிபுணர் பார்த்துவிட்டு, அது படர்தாமரை என்றும், ஸ்ரெரொயிட் மருந்து கலந்த களிம்பைப் பூசினால் நோய் இவ்வாறு முதலில் அடங்கிப் பின் பெருகும் என்றும் கூறினார். உரிய மருந்தால் அவள் குணமடைந்தாள். ஆனால் அவள் இழந்த தவணையை எவரும் அவளுக்கு மீட்டுக் கொடுக்கவில்லை. ‘தீமை செய்யாது’ என்று நான் கூறிய சொல், ஆராயாமற் கூறிய சொல். கற்பிக்கும் தொழிலில் இருப்பவன் அறியாததை அறிந்தவன்போற் கூறுவது எவ்வளவு பிழை என்பதை அன்று உணர்ந்தேன்.

இது நம் ஊரில் மட்டும் நிகழும் செய்தியன்று. 1999-இல் இலண்டனிலே வைத்தியர் சிலர், தோல் நோய்க்கென்று கொடுக்கப்பட்ட சீன மூலிகைக் களிம்புகள் பதினொன்றைப் பகுத்தாய்ந்தனர். அவற்றுள் எட்டில் ‘டெக்ஸாமெதசோன்’ என்னும் ஸ்ரெரொயிட் மருந்து மறைந்திருந்தது. ஸ்ரெரொயிட் தன்னளவிற் கெட்ட மருந்தன்று. கரப்பனுக்கு வைத்தியர் அளந்து கொடுக்கும் நன்மருந்து. ஆனால் பூசுபவர் அறியாமல் முகத்திலும் குழந்தையின் மென்தோலிலும் மாதக்கணக்கிற் பூசினால் தோல் மெலியும். நோய்க்கிருமி மறைந்து வளரும். ஆகவே மூலிகைக் களிம்பு ஒன்று வியப்பூட்டும் வேகத்தில் வேலை செய்தால், நாம் மகிழ்வதற்கு முன் ஐயுற வேண்டும்.

சட்டங்கள் இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு. இந்தியாவிலே 1954-இல் வந்த ஒரு சட்டம், தொழுநோய், வெண்குட்டம் முதலிய குறித்த நோய்களை மாற்றுவதாக விளம்பரம் செய்வதையே தடுத்தது. இலங்கையில் 1961-ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டம் சுதேச வைத்தியத்தை ஒழுங்குபடுத்தியது. 1980-ஆம் ஆண்டின் சட்டமொன்று அழகுசாதனப் பொருள்கள், மருத்துவச் சாதனங்கள், மருந்துகள் ஆகியவற்றைக் கட்டுப்படுத்தியது. 2015-இல் தேசிய ஔடதங்கள் ஒழுங்குமுறைப்படுத்தல் அதிகாரசபைச் சட்டம் அதன் இடத்தைப் பெற்றது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் 1984-இல் தொடங்கிய சித்த மருத்துவக் கல்வி, கற்றுத் தேறிய சித்த வைத்தியரை நமக்குத் தந்துவருகின்றது. ஆயினும் சட்டத்தின் கண், சைக்கிளிலே வந்து படலையடியில் விற்கும் ஒவ்வொரு சிமிழையும் காண இயலாது. அங்கே நம் அறிவே காவல்.

பழமையையே சான்றாகக் காட்டுவோரும் உண்டு. அவர்களுக்கு மஞ்சளின் வழக்கு ஒன்றை நினைவூட்டலாம். மஞ்சளாற் புண் ஆற்றும் முறைக்கு 1995-இல் அமெரிக்காவிலே ஒரு பல்கலைக்கழகத்துக்கு உரிமம் வழங்கப்பட்டது. இந்திய அறிவியல் தொழிலக ஆராய்ச்சிக் குழு எதிர்த்து வாதாடி, 1997-இல் அதனை நீக்குவித்தது. நம் பாட்டிமாரின் அறிவு திருடப்படாமற் காக்கப்பட்டதில் நமக்குப் பெருமையே. ஆனால் அவ்வழக்கில் நிறுவப்பட்டது, மஞ்சளின் பயன்பாடு பழையது என்பதே; எந்தப் புண்ணை, எவ்வளவு மஞ்சள், எத்தனை நாளில் ஆற்றும் என்பது அன்று. பழமை மதிப்புக்குரிய சாட்சி. அதனாலேயே தீர்ப்பும் ஆகிவிடாது.

அப்படியாயின், ஒரு களிம்பைக் கையில் எடுத்தவர் என்ன செய்ய வேண்டும்? முதலாவதாக, அது என்ன வேலையைச் செய்வதாகச் சொல்கின்றது என்று பாருங்கள். ‘வறட்சியைப் போக்கும்’, ‘தோலை மென்மையாக்கும்’ என்பன ஒரு களிம்பு நிறைவேற்றக்கூடிய வாக்குகள். ‘வெண்குட்டத்தை மாற்றும்’, ‘கரப்பனை வேரோடு களையும்’, ‘கறுத்த தோலைச் சிவப்பாக்கும்’ என்பன அதன் வல்லமைக்கு மேற்பட்டவை. இரண்டாவதாக, உள்ளடக்கம் எழுதப்பட்டுள்ளதா என்று பாருங்கள். எழுதப்படாத சிமிழை வாங்காதீர்கள். முறையாக எழுதியவர் கூடுதலாக உள்ள பொருளை முதலிலும் குறைவானதைப் பின்னரும் எழுதுவர். படத்திலுள்ள மூலிகை பட்டியலின் கடைசியில் நின்றால், நீங்கள் வாங்குவது மூலிகையையன்று.

மூன்றாவதாக, ஒப்பிட்டுப் பாருங்கள். புதிய களிம்பைச் சிறிதளவு முன்கையின் உட்புறத்தில் இரண்டு மூன்று நாள் பூசி, சிவப்போ நமைச்சலோ தோன்றாவிட்டால், வறண்ட காலொன்றில் அக்களிம்பையும் மற்றக் காலில் வீட்டுத் தேங்காயெண்ணெயையும் இரண்டு வாரம் பூசுங்கள். எந்தக் காலில் எதைப் பூசினீர்கள் என்று அறியாத ஒருவரைக் கொண்டு பார்க்கச் செய்யுங்கள். பிலிப்பைன்ஸ் வைத்தியர் தம் நாட்டிற் செய்தது, அடிப்படையில் இதுவே. வேறுபாடு தோன்றாவிட்டால், கூடுதலாகக் கொடுத்த பணம் கட்டியத்துக்குக் கொடுத்த கூலி.

நான்காவதாக, களிம்புக்கு விடக்கூடாதவை சில உண்டு. மாதக்கணக்கில் ஆறாத புண், வடிவம் மாறும் மறு, காய்ச்சலோடு கூடிய கொப்பளம் ஆகியவற்றை வைத்தியரிடம் காட்டுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, வெளிறிய படையொன்று தோன்றி அவ்விடத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால், ‘தேமல்தானே’ என்று எதையும் பூசிக் காலம் கழியாதீர்கள். தொழுநோயின் முதலடையாளம் அதுவாக இருக்கலாம். நம் நாட்டிலே இன்றும் ஆண்டுதோறும் புதிய தொழுநோயாளர் கண்டறியப்படுகின்றனர். அவர்களிற் குழந்தைகளும் உளர். தொடக்கத்திற் காட்டினால் முற்றாக மாறும். தாமதித்தால் நரம்பு கெட்டு விரல் முடங்கும். இந்நோயில் ஒரு சிமிழ் களிம்பின் உண்மையான விலை, அதைப் பூசிக் கழித்த மாதங்களேயாகும்.

நேயர்களே, களிம்பை நான் பழிக்கவில்லை. வெடித்த குதிக்காலுக்கு எண்ணெய் தடவிய தாயின் கைக்கும், புண்ணுக்குத் தைலம் காய்ச்சிய பரியாரியின் பொறுமைக்கும் நாம் கடமைப்பட்டவர்கள். களிம்பு மூடும், காக்கும், மென்மையாக்கும், நோவைச் சற்று மறக்கச் செய்யும். அது சிறிய வேலை; ஆனால் நேர்மையான வேலை. அந்த வேலையைச் சொல்லி விற்பவரிடம் மனமுவந்து வாங்குவோம். அதற்கு மேற் சொல்பவரிடம், ‘உள்ளே என்ன இருக்கின்றது, எவ்வளவு இருக்கின்றது, எதனோடு ஒப்பிட்டுப் பார்த்தீர்கள்?’ என்று கேட்போம். மானிப்பாயிலே தமிழ் மாணவர் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னரே கேட்கப் பழகிய வினாக்கள்தாம் இவை. அன்று அத்தாயார் என்னிடம் வந்தபோது நான் கேட்டிருக்க வேண்டிய வினாக்களும் இவையே.